சூடாகும் நாற்காலி

"உழைத்தது போதும், உட்கார்ந்தால் போதும்!"

ஊரில் இந்த வாசகம் ஒட்டாத சுவர் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் இருந்தது. பல் டாக்டர் வீட்டு வாசலில் இருந்தது. அரசு அலுவலகத்தின் ஆண்கள் கழிப்பறைக் கண்ணாடியில்கூட இருந்தது. நோட்டீசில் ஒருவர் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். ஓய்வானந்தர் என்று பெயர். சாதாரணச் சம்பளக்காரராக இருந்து, முப்பத்தாறு வயதில் வேலையை உதறியவராம். அன்றிலிருந்து சுண்டுவிரலைக்கூட அசைத்ததில்லையாம்.

அப்படிச் சுண்டுவிரலை அசைக்காதவர் காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம், சாயங்காலம் இரண்டு கூட்டம் என்று ஞாயிற்றுக்கிழமைகூட லீவு விடாமல் நடத்திக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போய் வெந்நீர் குடித்துக்கொண்டே பேசினார். வேலையை விட்டவருக்கு எதற்கப்பா இத்தனை வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம்தான். ஆனால் மரக்கடைக்கு மேலே இருந்த அந்த மாடிக்கு ஏறவே ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். அவ்வளவு நேரம் கால்வலித்த மனிதனுக்கு மேலே போனதும் உட்காரத்தான் தோன்றும்.

உட்காரும் இடம்தான் விசேஷம். மேடையில் கறுப்புத் தோல் போர்த்திய நாற்காலி ஒன்று. பக்தர் ஒரு கவரில் 'விதைத்தொகை' போட்டு ஒட்டி, உதவியாளரிடம் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் பலன் போய்விடும். உதவியாளர் கவரைக் கையில் ஏந்தி ஒரு நிமிடம் தியானம் செய்வார். பிறகு பெட்டியில் போடுவார். பாவம், அவருக்கு ஓயாத இருமல். எதிரே ஓய்வானந்தர் ஒரு கால்பலகையில் பாதம் வைத்துக் கண்மூடி இருப்பார். பக்தர் நாற்காலியில் உட்கார வேண்டும். நாற்காலி தானாகச் சூடேறினால் விடுதலை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். சூடு அதிகம் என்றால் இன்னும் இரண்டு வருடம், மூன்று வருடம். அப்புறம் வேலையை விட்டுவிடலாம். போட்ட விதை பத்து மடங்காக வீடு தேடி வரும். சூடேறாவிட்டால்? "உங்க மனசுல செலவு எண்ணம் இருக்கு. விதையைக் கூட்டிப் போடுங்க" என்பார் ஓய்வானந்தர்.

இந்த நாற்காலியை நம்பி அச்சகத்தில் இருந்த ஒருவர் வேலையை விட்டார். இப்போது அதே அச்சகத்தில் பாதிச் சம்பளத்துக்கு நிற்கிறார். ஓய்வானந்தரின் நோட்டீஸ்கள் அங்கேதான் அச்சாகின்றன.

நம்முடைய மீட்டர்காரர் இந்தக் கதையைக் கேட்டார். கேட்டும், "அவனுக்கு நம்பிக்கை பத்தலை" என்றார்.

மீட்டர்காரர் என்றால் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுபவர். நாய்க்கடி மூன்று முறை, பேச்சுக்கடி தினமும். "போன மாசம் நாங்க ஊர்லயே இல்லையே, எப்படி இவ்வளவு ஓடும்?" என்று ஊரே அவரைத்தான் பிடித்துக்கொள்ளும். நாற்பத்திரண்டு வயதில் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. ஓய்வு வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் தப்பே கிடையாது. ஆசைப்பட்ட இடம்தான் தப்பு.

அவரை அங்கே கூட்டிப்போனவர் மனைவியின் அண்ணன், வங்கி அதிகாரி. வட்டி விகிதத்தைக் கால் சதவீதம் வரை சரிபார்க்கிற மனிதர், நாற்காலியைச் சரிபார்க்கவில்லை. "மச்சான், நான் உட்கார்ந்தா தோசைக்கல் மாதிரி சுடுது. மூணே வருஷம்னு சொல்லிட்டார்" என்று பூரித்தார்.

மீட்டர்காரருக்கோ மூன்று முறை உட்கார்ந்தும் ஐஸ். சம்பளத்தில் கால் பங்கைப் பெரிய நோட்டுகளாகக் கவரில் வைத்தும் ஐஸ்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாடியின் மீட்டரை மாதாமாதம் பார்ப்பவரே அவர்தான். ஒருமுறை கூட்ட நேரத்தில் பார்த்தார். மீட்டர் ஓட்டமாய் ஓடியது, சட்டென்று தளர்ந்தது, மறுபடி ஓடியது. வேறு வீடாக இருந்தால், "உள்ள என்ன ஹீட்டரா போடுறீங்க?" என்று கதவைத் தட்டியிருப்பார். இங்கே மீட்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். அருள் மின்சாரத்திலும் பாய்கிறதாம்!

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு சனிக்கிழமை காலை, காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே மனைவியிடம் சொன்னார்.

"மொத்த சேமிப்பையும் விதைச்சிடலாம்னு இருக்கேன். உன் கையெழுத்தும் வேணும்."

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பன்னிரண்டு வருடமாக இருவர் சம்பளத்திலும் மிச்சம் பிடித்த பணம் அது. பெரிய வீட்டுக்கு மாறாமல், பழைய ஸ்கூட்டரை விற்காமல், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று எத்தனையோ ஆசைகளை ஒத்திப்போட்டுச் சேர்த்தது. அவள் தட்டை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். சட்டைப்பையில் மடித்த காகிதம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"அது என்னங்க?"

"ராஜினாமா. திங்கட்கிழமை குடுத்திடுவேன்."

அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"எங்க கடையில ஒரு மாத்திரை விக்கிறோம்னு வச்சுக்குங்க. குணமானா மாத்திரையால, குணமாகலைன்னா உங்க மனசு சரியில்லைன்னு சீட்டு ஒட்டி வித்தா என்ன பண்ணுவீங்க?"

"மாத்திரையும் நாற்காலியும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லைதான். மாத்திரைக்குக் காலாவதித் தேதி போட்டிருக்கும்."

அவர் முகம் தொங்கிப்போனது. வேண்டாம் என்றால் இந்த மனிதர் யாரிடமாவது கடன் வாங்கியாவது போடுவார் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் பணத்தை மட்டுமா சேர்த்தாள், இவரையும் சேர்த்துத்தானே படித்திருக்கிறாள்!

"சரி, செக்குல கையெழுத்துப் போடுறேன். நானும் வரேன். எனக்கும் ஒரு கவர் போடணும்."

மீட்டர்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கே நம்பிக்கை வந்துவிட்டதே! அவள் மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்தாள். கைப்பையில் பெரிய கவர் ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது. அது என்ன என்று அவர் கேட்கவில்லை. தொகையைச் சொன்னால் பலன் போய்விடுமே.

சாயங்காலக் கூட்டம். நல்ல வெயில். ஐந்து மின்விசிறிகள் சுழன்றும் புழுக்கம். முன்வரிசையில் அண்ணன் தங்கைக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

மீட்டர்காரர் முதலில் போனார். ஒற்றைச் செக் வைத்த கவர், காற்றடித்தால் பறக்கும். உதவியாளர் அதை ஏந்தித் தியானித்தார். இருமவில்லை. மீட்டர்காரர் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்தார். காத்திருந்தார். நாற்காலி மரக்கட்டை மாதிரி கிடந்தது.

ஓய்வானந்தர் கண்ணைத் திறந்தார். "இன்னும் இருபத்தாறு வருஷம்."

"ஐயா! இருக்கிறது அத்தனையும் குடுத்துட்டேன் ஐயா!"

"குடுத்தேன்கிற நினைப்பு இருக்கே, அதுதான் குளிர்ச்சி."

கூட்டம் 'ஆகா' என்றது. இந்த மாதிரி பதிலுக்கு மட்டும் எந்த ஊரிலும் பஞ்சமில்லை. மீட்டர்காரர் கண் கலங்க இறங்கினார். பன்னிரண்டு வருடச் சேமிப்பு பெட்டிக்குள் போய்விட்டது. இருபத்தாறு வருடம் எதிரே நின்றது.

அடுத்து மனைவி போனாள். உதவியாளர் அவள் கவரை வாங்கினார். கை தாழ்ந்தது. முகம் மலர்ந்தது. இருமினார் பாருங்கள், க்ஷயரோகி தோற்றான்! ஓய்வானந்தரின் பாதம் கால்பலகையில் மெல்ல அழுந்தியது.

அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், "ஐயோ, சுடுதே!" என்று எழுந்தாள்.

"ஒரே வருஷம்!" என்று முழங்கினார் ஓய்வானந்தர். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அண்ணன் எழுந்து நின்று, "என் தங்கை! என் தங்கை!" என்றார்.

கைதட்டல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். "ஐயா, ஒரு சந்தேகம். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே பேங்க் கணக்கு. அவருக்கு இருபத்தாறு வருஷம், எனக்கு ஒரு வருஷம்னா எப்படி? ரெண்டு கவரையும் பிரிச்சுப் பார்த்திடலாமா?"

"விதையைத் தோண்டிப் பார்க்கக் கூடாது!" என்று உதவியாளர் பெட்டியின் மேல் படுக்காத குறை.

"என் விதை, நானே தோண்டுறேன். அண்ணா, நீ வந்து படி."

வங்கி அதிகாரி மேடை ஏறினார். கூட்டத்துக்கும் ஆவல் தாங்கவில்லை. அடுத்தவன் கவரில் எவ்வளவு என்று பார்க்கிற ஆசை பக்தியைவிடப் பெரியது. முதல் கவரைப் பிரித்தார். செக்கைப் பார்த்ததும் அவருக்கே மூச்சு நின்றது. "மச்சான்! மொத்தத்தையுமா?" இரண்டாவது கவரைக் கவிழ்த்தார். மடிப்பு மடிப்பாகக் காகிதங்கள் கொட்டின. மருந்துப் பெட்டிக்குள் வருமே, பொடி எழுத்தில், யாருமே படிக்காத காகிதம். அண்ணன் ஒன்றை எடுத்து உரக்கப் படித்தார்.

"வயிற்றுப்போக்குக்கு. சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. குணமாகாவிட்டால் மருத்துவரை அணுகவும்."

மாடி அதிர்ந்தது, சிரிப்பில்.

ஓய்வானந்தர் சளைத்தவரா? கையை உயர்த்தினார். "நாற்காலி காகிதத்தைப் பார்க்காது. மனசைப் பார்க்கும். அந்த அம்மா மனசு சுத்தம், சுட்டது." நம்புவீர்களா, பாதிக் கூட்டம் தலையாட்டியது. கழுத்து இருப்பதே ஆட்டுவதற்குத்தான் என்று பழகிவிட்டால் அப்படித்தான்.

அப்போது மீட்டர்காரர் எழுந்தார். அவர் கண் கால்பலகையில் இருந்தது. அங்கிருந்து மேடைக் கம்பளத்துக்கு அடியில் ஒரு மேடு, பாம்பு படுத்த மாதிரி, நாற்காலிவரை போனது. கும்பிட்ட மீட்டர் அவருக்கு ஞாபகம் வந்தது. காதுமடல் சிவந்தது, வெட்கத்தில்.

"மனசு சுத்தம்னா கரண்ட் இல்லாமயும் சுடுமே ஐயா? நான் கீழ போய் மெயினை இறக்கிட்டு வரேன். அவளே மறுபடி உட்காரட்டும்."

"அது அபசாரம்!"

"அபசாரமில்லை, ஐயா. அது என் டிப்பார்ட்மெண்ட்."

முழங்கால் வலியை மறந்து இறங்கிப் போனார். மின்விசிறிகள் நின்றன. அவர் மூச்சு வாங்க மேலே ஏறி வருவதற்குள் நாற்காலி ஆறிப்போயிருந்தது. மனைவி உட்கார்ந்தாள். உதவியாளர் பழக்கதோஷத்தில் இருமினார். ஓய்வானந்தர் பலகையை மிதித்தார், மீண்டும் மிதித்தார், பிறகு தையல் மிஷின் ஓட்டுவதுபோல் மிதித்தார். கூட்டம் மொத்தமும் வியர்த்து நனைந்தது. அந்த மாடியில் குளிர்ச்சியாக இருந்த ஒரே பொருள் நாற்காலிதான்.

யாரோ கம்பளத்தை இழுத்தார்கள். ஒயர் வந்தது. நாற்காலியைக் கவிழ்த்தார்கள். முதுகுவலிக்காரர்கள் வைத்துக்கொள்ளும் சூடேற்றும் மெத்தை, விலைச்சீட்டோடு இருந்தது. இத்தனை மாதமாக இத்தனை பேருக்கும் அடியில்தான் சுட்டது. அத்தனை பேரும் மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். ஒருவர்கூடக் கீழே குனிந்து பார்க்கவில்லை.

பெட்டியை உடைத்தார்கள். அன்றைய கவர்கள் மட்டும் இருந்தன. முந்தையவை ஓய்வு பெற்றுவிட்டன. அண்ணனின் அன்றைய கவரும் பிரிந்தது. கட்டுக்கட்டாய்ச் சில்லறை நோட்டு; கனம் அதிகம், தொகை சொற்பம். அவருக்கு மட்டும் எப்போதும் தோசைக்கல் சூடு வந்த ரகசியம் ஊருக்கே தெரிந்தது. அவர் நோட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் படியிறங்கினார். போலீஸ் வந்தபோது ஓய்வானந்தர் பின்வாசல் வழியாக ஓட முயன்றார். முப்பத்தாறு வயதுக்குப் பிறகு அவர் ஓடிய முதல் ஓட்டம் என்று நோட்டீஸ் படித்தவர்கள் சொன்னார்கள்.

மீட்டர்காரர் ராஜினாமாவை நாலாகக் கிழித்தார். "அப்போ நமக்கு ஓய்வே கிடையாதா?"

"உண்டுங்க. இப்படியே சேர்த்துட்டு வந்தா, உங்க ஐம்பத்தி ரெண்டுல வேலையை விடலாம். சூடெல்லாம் வராது. மெதுவாத்தான் வரும்."

"பத்து வருஷமா?"

"இருபத்தாறுக்கு இது தேவலாம்ல?"

அவர் சிரித்துவிட்டார். செக்கை அவள் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். படியிறங்கப் போனவர்களைக் கூட்டம் வழிமறித்தது. எல்லார் கையிலும் இப்போதுதான் திரும்பக் கிடைத்த கவர்கள். முன்னால் நின்ற பெரியவர் தன் கவரை நீட்டிப் பயபக்தியோடு சொன்னார்:

"அம்மா, உங்க கைராசி அபாரம். இதைக் கொஞ்சம் தொட்டுக் குடுத்திடுங்க, பெருகட்டும்."

அவள் கவரைத் தொடவில்லை.

"ஐயா, மொதல்ல உங்க தலையைத் தொட்டுப் பாருங்க. இருக்கான்னு தெரிஞ்சா, அதைக் கொஞ்சம் சூடாக்குங்க."