படுக்கைக்குள்ளிருந்து விழுந்த அட்டை

மனைவியிடம் பொய் சொன்னவன் நான். அதுவும் பள்ளிவாசலைச் சாட்டி, ஐந்து தடவை. எழுபதை நெருங்கும் வயதில் இதை ஒளித்து ஆவதொன்றுமில்லை. கல்முனையில் இதை அறியாதவர்கள் இனிமேல் பிறக்க வேண்டியவர்கள்தான்.

விமானம் ஏன் விழாமல் பறக்கிறது என்று முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிய பௌதிக ஆசிரியன் நான். ஓய்வு பெற்ற பிறகு, அதை நானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் என்ன என்றொரு பித்துப் பிடித்தது. கொழும்புப் பக்கம் சின்ன விமானம் ஓட்டப் பழக்கும் இடமொன்றில் சேர்ந்தேன். மனைவி நயீமா சிரிப்பாள் என்று பயந்து, "மூணு நாள் ஜமாஅத்தில போறன்" என்றேன். வெளியூர்ப் பள்ளியில் தங்கித் தொழுது வரும் பயணத்துக்கு யார் தடை சொல்வார்கள்?

நயீமா தடை சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை, உதவி செய்தாள். பாயையும் போர்வையையும் சுருட்டிக் கட்டித் தந்தாள். தெருப் பெண்களின் துஆ வேண்டுதல்களை எழுதிப் பட்டியலும் தந்தாள். அடுத்த வீட்டுக் குல்தூம் ராத்தாவின் மகளுக்கு மாப்பிள்ளை, ஒருவரின் முழங்கால் வலி, இன்னொருவரின் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வானத்தில் ஏறினேன். (துஆ கேட்கத்தான் செய்தேன். ஆனால் இறங்கும்போதெல்லாம் என் உயிருக்கே முதலிடம்.)

ஏறுவது சுகம். இறங்குவதுதான் சங்கடம். எனக்குப் பழக்கியவள் தர்ஷினி, காரைதீவுப் பிள்ளை. அவளுடைய தாய் ஒருகாலத்தில் என்னிடம் பௌதிகம் படித்துத் தேறாமல் போனவர். மகள் பழிதீர்த்தாள்.

"சேர், நிலத்தைத் தொடச் சொன்னன். குத்தச் சொல்லல்ல!"

"தொட்டன்தானே பிள்ளை?"

"ஓம், நாலு இடத்தில."

கயிறறுத்த ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும் அந்த விமானம். "கள்ளன் மாதிரிக் குனிஞ்சு கீழ பாக்காதீங்க சேர். ஓடுபாதைட மற்ற அந்தத்தைப் பாருங்க" என்பாள். கள்ளன் என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என எனக்கு வியர்த்துவிடும். ஐந்தாவது பயணத்தில் ஆறு துள்ளல். ஆசை அடியோடு செத்தது. இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தால் முற்றம் நிறையப் பெண்கள். குல்தூம் ராத்தா கையில் வட்டிலப்ப இனிப்புத் தட்டு. மகளுக்கு மாப்பிள்ளை பொருந்திவிட்டதாம்.

"எல்லாம் சேர்ட துஆதான்!"

கண் கலங்கியபடி தட்டை என் மடியில் வைத்தார். நானும் பெரிய மகானைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டேன். அந்த நேரம் பார்த்து நயீமா என் படுக்கையை அவிழ்த்து உதறினாள். பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டை தொப்பென்று விழுந்தது. விமானம் கிளம்புமுன் சரிபார்க்கும் அட்டை.

குல்தூம் ராத்தா அதை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்தார். "இதென்ன சேர், ஜமாஅத்தில ஓதுறதா?"

"ஓம்... பயணம் வெளிக்கிட முன்ன பாக்கிறது." (சொல்லளவில் உண்மைதானே?)

"அப்ப எங்களுக்கும் ஒருக்கா ஓதிக் காட்டுங்களன்."

அட்டையை நயீமா வாங்கினாள். அவள் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணாடியைப் போட்டு, சத்தமாகத் தமிழாக்கினாள்.

"'கதவைப் பூட்டு. பெல்ட்டைக் கட்டு. பெற்றோல் போதுமா எண்டு பார்.' இஞ்ச பாருங்க, இது எந்தப் பள்ளியில ஓதுற?"

விமானம் ஏற்றி இறக்கப் பழகப் போனதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. முற்றமே சிரித்தது. குல்தூம் ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. என் மடியிலிருந்த தட்டை மெல்ல எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நயீமா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் அசர் தொழுதுவிட்டு வந்தவனுக்குத் தேநீர் வைத்தாள்.

"இறக்கப் பழகிட்டீங்களா?"

"இல்ல. விட்டுட்டன்."

"ஏன் எனக்கிட்டச் செல்லல்ல?"

"நீ சிரிப்பாய் எண்டு."

"சிரிச்சுத்தான் இருப்பன். மறுகா சோறும் கட்டித் தந்திருப்பன்." தேநீருக்குச் சீனி போட்டபடி, "இவ்வளவு பொய் செல்லிப் போனவர் இறக்கவும் தெரியாம வந்து நிக்கிறதா? முதல்ல எல்லாரிட்டயும் மாப்புக் கேளுங்க. மறுகா போய் ஒழுங்கா இறக்குங்க" என்றாள்.

அந்தக் கட்டுச்சோற்றுப் பேச்சு என்னை நிமிர்த்திவிட்டது. பட்டியலோடு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். குல்தூம் ராத்தா என்னை வாசல் படலையில் நிறுத்தி முழுக் கதையையும் கேட்டார். பிறகு மாப்பிள்ளையின் தாயையும் கூப்பிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஐந்து பொய்க்கும் சேர்த்துப் பதினைந்து நாள் உண்மையாகவே ஜமாஅத்தில் போனேன். அங்கே எல்லோருடைய சமையலுக்கும் வெங்காயம் உரித்தேன். பட்டியலில் ஒன்று விடாமல் துஆ கேட்டேன்.

ஆறாவது தடவை கொழும்புக்கு நயீமாவும் வந்தாள், கட்டுச்சோற்றோடு. ஓடுபாதை முடியும் இடத்தில், வேலிக்கு வெளியே, மஞ்சள் குடை பிடித்து நின்றாள்.

"மற்ற அந்தத்தைப் பாருங்க சேர்" என்றாள் தர்ஷினி, இறங்கும்போது.

பார்த்தேன். இந்த முறை அங்கே பார்ப்பதற்கு ஆளிருந்தது. சில்லுகள் தரையைத் தொட்டன.

"சேர், ஒரு துள்ளல்தான்!" என்று தர்ஷினி கைதட்டினாள். வேலியோரத்தில் குடையும் ஒருமுறை துள்ளியது.

சில மாதத்தில் தனியாகவும் பறந்து இறங்கினேன். தெருப் பெண்கள் இன்றும் பட்டியல் தருகிறார்கள். ("மேல போறீங்கதானே சேர், கிட்டவா இரிக்கும்.") நயீமா என்னை மன்னித்துவிட்டாள். ஆனாலும் மீன் வாங்கப் புறப்பட்டால்கூடப் பையை ஒருமுறை உதறிப் பார்த்துத்தான் தருவாள்.

போன பெருநாளைக்குக் குல்தூம் ராத்தா பேரப்பிள்ளையோடு வட்டிலப்பம் கொண்டு வந்தார். வந்திருந்தவர்களுக்கு என் பறப்பு அனுபவத்தைச் சற்று ஊதிச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினேன். ராத்தா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"முதல்ல பெல்ட்டைக் கட்டுங்க சேர்."