பிளாப்பி அண்ணன் விடைபெறும் முறை

குழந்தைகளே, இயந்திரத்திடம் விடைபெறாமல் எழுந்து போகாத மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். காந்திபுரத்தில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் கணினியில் அமைத்துத் தரும் எங்கள் கடையில் அந்த வேலையைப் பார்த்த அவருக்குப் பெயர் ‘பிளாப்பி அண்ணன்’. நான் அங்கே காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கடையில் இருந்தது கிழட்டுக் கணினி. விண்டோஸை ஏற்றினால் மூச்சு வாங்கும். அண்ணன் அதை எடுத்துவிட்டு, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டார். திரையில் சாம்பல் நிறம், மூலையில் கடிகாரம், கோப்புகளைக் காட்டும் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். கணினி கன்றுக்குட்டி மாதிரி ஓடியது.

பிளாப்பி என்பது சட்டைப்பையில் அடங்கும் சதுரத் தகடு. கோப்பை அதில் ஏற்றித்தான் அச்சகத்துக்குக் கொண்டுபோவோம். லினக்ஸில் அதை எடுக்குமுன் கணினியிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அது கோப்பில் பாக்கியைத் தகட்டில் எழுதி முடிக்கும். சொல்லாமல் உருவினால், பிளாப்பி இன்னும் உள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

இந்த விதியை அண்ணன் உலகத்துக்கே பொதுவாக்கிவிட்டார். பஸ்ஸில் இறங்குமுன் கண்டக்டரிடம் “வாரேனுங்க” என்பார். கண்டக்டர் தலையாட்டும்வரை படியை விட்டு நகரமாட்டார். பின்னால் பாதி பஸ் நிற்கும்.

ஒருநாள் சோமனூர் தறிக்காரர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தார். மறுநாள் காலையில் குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்தாக வேண்டும். அச்சகமோ சாயங்காலம் மூடிவிடும். கோப்பு ஏறியதாகத் திரையில் தெரிந்ததும் தறிக்காரரே பிளாப்பியை உருவிவிட்டார்.

“ஏனுங்க, சொல்லீட்டு எடுங்க.”

“ஆருகிட்டங்க சொல்றது?”

“மிசினுகிட்டத்தானுங்க.”

“எம்பட பங்காளிக்கே இன்னும் சொல்லி முடியலீங்க. இதுல மிசினுக்கு வேற சொல்லோணுமாக்கும்” என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

அச்சகத்தில் பார்த்தால் கோப்பின் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. தறிக்காரர் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். அண்ணன் மறுபடி ஏற்றினார். இம்முறை தறிக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நீங்களே சொல்லிப்போடுங்க” என்றார் அண்ணன்.

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, கணினியைப் பார்த்து, “போயிட்டு வாரேனுங்க” என்றார். அண்ணன் அதற்குரிய கட்டளையைத் தட்டினார். பிளாப்பி செருகிய இடத்தில் அணைந்திருந்த சின்ன விளக்கு எரிந்து, கரகரவென்று எழுதி ஓய்ந்தது. தறிக்காரர் ஒரு கும்பிடும் போட்டார்.

முதல் பத்திரிகை நேரத்துக்குச் சாமியிடம் போனது. இரண்டாவது அண்ணனுக்கு வந்தது. கல்யாணத்துக்குப் போன அண்ணனை, தறிக்காரரின் சொந்தக்காரர் ஒருவர் பெங்களூரில் வேலை இருக்கிறதென்று மண்டபத்திலிருந்தே காரில் ஏற்றிப் போய்விட்டார். பஸ் கண்டக்டரிடமெல்லாம் சொல்லிக்கொண்டவர், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கப்புறம் வெகுநாள், கணினி முன்னால் அண்ணனின் நாற்காலியில் யாராவது உட்கார வந்தால், “ஆள் இருக்குதுங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.