பட்ஜெட்டில் இல்லாத சிறுத்தை

இந்த வருஷம் காட்டுக்குப் போவது, எங்கள் வண்டியில் போவது, நானே ஓட்டிக்கொண்டு போவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தீர்மானம் செய்தேன். தீர்மானம் செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. நிறைவேற்றத்தான் ஆலெட்டாவின் அனுமதி வேண்டும்.

ஆலெட்டா என் மனைவி. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ். நான் இசாக் மௌட்டன், ரெஹோபோத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் எந்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டு விஷயம் மட்டும் எனக்குக் கடைசியில்தான் தெரியவரும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஜனவரியில் தலைநகர் விண்ட்ஹூக்கில் கண் டாக்டர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது, போனது திரும்பாது என்றார். பகலில் இன்னும் கொஞ்ச நாள் வண்டி ஓட்டலாம், பொழுது சாய்ந்தால் தொடக்கூடாது, வருஷக் கடைசியில் சாவியை வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து, கண்ணாடி மாற்றச் சொன்னார் என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷமாக அவளிடம், "அடுத்த வருஷம் யானை பார்க்கப் போவோம்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன் நான். அந்த அடுத்த வருஷம் இனி எனக்கு இல்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நானே ஓட்டி, என் கண்ணால் ஒரே ஒரு யானையைப் பார்த்துவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

குறுக்கே வந்தது தேவாலயம்.

"சர்ச்சுல பஸ் பிடிச்சுப் போறாங்க. தலைக்கு நாலாயிரத்து ஐநூறு டாலர். டிரைவர், சாப்பாடு, கூடாரம் எல்லாம் அதுலயே அடக்கம்," என்றாள் ஆலெட்டா. எங்கள் நாட்டுப் பணத்துக்கும் டாலர் என்றுதான் பெயர்.

"ரெண்டு பேருக்கு ஒம்பதாயிரம்! நம்ம வண்டில போனா ஆறாயிரத்து நானூறு. பட்ஜெட் போட்டுட்டேன்."

"குடு பாப்போம்."

கொடுத்தேன். கண்ணாடி போடாமலே படித்தாள். அதைப் பார்த்தே எனக்கு வயிற்றெரிச்சல்.

"பெட்ரோல் ஆயிரத்து எண்ணூறா? எந்தக் காலத்து வெல இது, கிழவா?" எங்கள் ஊரில் பெண்டாட்டிகள் புருஷனைக் கிழவா என்றுதான் கூப்பிடுவார்கள், கல்யாணமான மறுநாளிலிருந்தே.

"இறக்கத்துல இன்ஜினை அணைச்சுடுவேன்."

"வடக்க போற ரோட்டுல ஏது இறக்கம்?"

"போறப்ப ஏத்தம்னா வர்றப்ப இறக்கம்தானே?"

"வெறகு இலவசம்னு போட்டிருக்க?"

"காட்டுக்குள்ள பொறுக்க விடமாட்டாங்க. நம்ம கோழிக்கூண்ட ஒடச்சு எடுத்துட்டுப் போறோம்."

"அப்ப கோழி?"

"சாப்பாட்டுச் செலவுல வருது பாரு."

"ஸ்பேர் டயர் ஒண்ணுதானா? அந்தக் கல்லு ரோட்டுக்கு ரெண்டு வேணும்."

"மெதுவாப் போனா ஒண்ணு போதும்."

"நீயா? மெதுவாவா?"

"ஏன், மனுஷன் திருந்தக்கூடாதா?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கடைசி வரியில் விரல் வைத்தாள். "பார்வைக் காசு இருநூறு. இதுல மட்டும் என்ன தாராளம்?"

காட்டுக்குப் போகிற எந்தக் குடும்பத்திலும் இந்தச் சூதாட்டம் உண்டு. மிருகத்தை முதலில் பார்த்துச் சொன்னவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அங்கேயே காசு எண்ணி வைக்க வேண்டும். மானுக்கு இரண்டு டாலர், ஒட்டகச்சிவிங்கிக்கு ஐந்து, சிங்கத்துக்குப் பத்து, யானைக்கு இருபது. சிறுத்தைக்கு நான் விலையே போடவில்லை. அது எவன் கண்ணில் படப்போகிறது?

"சரி, போவோம்," என்றாள். பெட்ரோலைத் திருத்தவில்லை, டயரைக் கூட்டவில்லை. என் எழுத்துத் திறமைக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துப் பூரித்துப்போனேன். எலி தானாகப் பொறிக்குள் போகும்போது பூரிப்பாகத்தான் இருக்குமோ என்னவோ.

நாலு நாள் பயணம். மத்தியானத்துக்கென்று கட்டிய அவித்த முட்டையும் இறைச்சி உருண்டையும் ரெஹோபோத் எல்லையைத் தாண்டுவதற்குள் தீர்ந்தன. அது யார் போனாலும் அப்படித்தான். மறுநாள் காட்டுக்குள் நுழைந்தபோதுதான் என் பட்ஜெட்டுக்கு உண்மையான வேட்டு விழுந்தது. பக்கத்தில் இருக்கும் ரோடு எனக்குத் தெரிந்தது. தூரத்தில் எல்லாம் வெள்ளைப் புகை.

"இடது பக்கம் வரிக்குதிரை, ரெண்டு டாலர்," என்றாள் ஆலெட்டா. "அதோ ஒட்டகச்சிவிங்கி, அஞ்சு. அது பின்னாலயே இன்னொண்ணு, அஞ்சு."

மத்தியானத்துக்குள் இருநூறு காலி. ஒரு மிருகத்தைக்கூட நான் முதலில் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொன்னால், இரண்டாவதாகவும் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியக்கூடாதே என்று, "ஆகா, என்ன அழகு, என்ன கழுத்து!" என்று வெறும் வெளியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "கிழவா, அந்த மரத்தடில..."

"சிறுத்தை!" என்று கத்தினேன். குருட்டாம்போக்கு அடிதான். "நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன்!"

"வாலு தெரியுதா?"

"எவ்ளோ நீளம்! நுனில ஒரு சுழி வேற!"

அவள் இருபது டாலரை எடுத்து என் கையில் வைத்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் வாதாடாமல் கொடுத்த காசு அது ஒன்றுதான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஒரு நீர்க்குட்டையருகே யானைக்காகக் காத்திருந்தோம். அவள் கிளம்பலாம் என்றாள். இன்னும் பத்து நிமிஷம் என்றேன். பத்துப் பத்தாக ஒன்றரை மணி நேரம் போயிற்று. யானை வரவில்லை. முகாமின் கேட் சூரியன் மறைந்ததும் மூடிவிடும், முகாமோ பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வெளிச்சம் மங்கியது. கிணற்றுக்கு மூடி போட்ட மாதிரி ரோடு காணாமல் போயிற்று. பிரேக்கை மிதித்தேன்.

"என்ன நின்னுட்ட?"

"இன்ஜின் சூடாயிருச்சு."

"நகரு."

"எங்க நகர்றது? கீழ இறங்கக்கூடாது, சிங்கம் இருக்கும்."

"கீழ யாரு இறங்கச் சொன்னா? சீட்டோட நகரு."

எங்களுடையது ஒரே நீள சீட் வைத்த பழைய பிக்கப். நான் எண்பது கிலோ. அவள் எடையைச் சொன்னால் அடுத்த கதை எழுத நான் இருக்கமாட்டேன். அவள் என் மேல் ஏற, நான் அவள் கீழ் நுழைய, கியர் கம்பி என் விலாவில் குத்த, யாருடைய முழங்கையோ ஹார்னை அமுக்க, காட்டிலிருந்த மான்களெல்லாம் ஓடின. ஒரு வழியாக அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியபடி கைப்பையிலிருந்து தன் பெயர் போட்ட புது லைசென்ஸை எடுத்து என் மடியில் போட்டாள்.

வழுக்கிக்கொண்டு போவதுபோல் ஓட்டினாள். என்னைவிட நன்றாக ஓட்டினாள்.

"எப்ப கத்துக்கிட்ட?"

"நீ டாக்டர்கிட்ட போன மறுவாரம். அங்க சீட்டு எழுதுறவ என் சித்தப்பா பொண்ணுன்னு உனக்குத் தெரியாதா?"

ரெஹோபோத்தில் பிறந்தவன் மறக்கக்கூடாத ஒன்றை மறந்துவிட்டேன். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் சித்தப்பா பெண்.

"அப்ப அந்தப் பட்ஜெட்டு?"

"பொய்னு படிக்கிறப்பவே தெரியும்."

"சிறுத்தை?"

"அங்க மரமே இல்ல, கிழவா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். முகாமின் விளக்கு தெரிகிறது என்று அவள்தான் சொன்னாள்.

"தெரிஞ்சும் ஏன் என்ன ஓட்டவிட்ட?"

"உனக்கு ஆசையா இருந்துச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு. உன் ஆசைக்கு மூணு நாள் விட்டேன்." அவள் குரல் உடைந்தது. "போதும்னு உன்கிட்ட சொல்ல என்னால முடியல."

கேட்டை இழுத்துக்கொண்டிருந்த காவலாளி எங்களைப் பார்த்ததும் நிறுத்தி உள்ளே விட்டான்.

மறுநாள் காலை அதே குட்டைக்குப் போனோம். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் இன்ஜினை அணைத்துவிட்டு என் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினாள்.

"பதினோரு யானை. முன்னாடி நிக்கிறவளுக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கு. குட்டி அவ வயித்துக்கு அடில நின்னு தண்ணியக் கலக்குது. சேத்த அள்ளித் தலைல போட்டுக்குது பாரு."

பார்த்தேன். வெள்ளை வெயிலுக்கு நடுவில் சாம்பல் நிறமாக என்னவோ அசைந்த மாதிரி இருந்தது. யானையாக இருக்கலாம். கண்ணாடியில் ஒட்டிய தூசியாகவும் இருக்கலாம்.

"எனக்குத் தெரியல, ஆலெட்டா," என்றேன். ஜனவரியிலிருந்து நான் பேசிய முதல் உண்மை அது. "நெஜமாவே இருக்கா? இல்ல, இதுவும் புளுகா?"

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு இருபது டாலருக்காகக் கையை நீட்டினாள்.

"இனிமே நான் சொல்றதுதான் யானை."