சீட்டில் விழுந்த மொழி

பீர்க்கன்கரணை,
சனிக்கிழமை.

அன்புள்ள அக்காள் மகன் ஜோஷ்வாவுக்கு,

மாமா ஞானையாவின் ஸ்தோத்திரங்கள். கர்த்தருடைய கிருபையால் நானும் அத்தையும் மகள் சினேகாவும் சுகம். கேளம்பாக்கத்து அறையில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நீ போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. தபாலை பிளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அன்றைக்குச் சபைக் கமிட்டியில் நீ சொன்னதுதான் சரி. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் பொருட்களை ஏலம் விட ஆப் வேண்டும் என்றதும், "ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதிடலாம் மாமா, எல்லா போன்லயும் பிரவுசர் இருக்கு, ஒரு தடவை எழுதினா போதும்" என்றாய். கமிட்டித் தம்பி ஜெபகுமார், டார்ட் என்ற கம்ப்யூட்டர் மொழிதான் என்று ஒற்றைக் காலில் நின்றான். செயலாளரான நான்தான், கேக் ஆர்டரிலிருந்து கல்லறைச் சுவர் பெயிண்ட் வரை நம் சபையில் எல்லாவற்றுக்கும் செய்வதுபோல, ஜெபித்துச் சீட்டுப் போடலாம் என்றேன். இரண்டே சீட்டு என்றால் பார்க்க நன்றாயிருக்காது என்று பொருளாளர் பிரிட்டோ, யூடியூபில் கேள்விப்பட்ட ரஸ்ட் என்ற மொழியையும் எழுதிப் போட்டார். ஆயர் கண்ணை மூடி எடுத்தார். ரஸ்ட் வந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. "தெரியாத லாங்வேஜ்ல எப்படி மாமா எழுதுவீங்க? இது ஜெபம் பண்ணி முடிவு பண்ற விஷயமா?" என்று கேட்டாய். "ஜெபத்த விட நீ பெரிய ஆளாடா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனவன்தான், அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் நீ வரவில்லை.

பிரிட்டோவும் ஜெபகுமாரும் வீடியோ பார்த்துப் பார்த்து எதையோ எழுதினார்கள். போன ஞாயிறு ஒத்திகை. ஆண்ட்ராய்டு போனில் வெறும் வெள்ளைத் திரை. ஐபோனில் ஒரு பட்டன் தெரிந்தது, அமுக்கினால் அதுவும் போய்விட்டது. சபை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியதால், பூசணிக்காயும் வாழைத்தாருமாகச் சபையே அதன் முன்னால் வரிசை கட்டியது. கடைசியில் நம் சபை கிறிஸ்டி அக்கா கொண்டுவந்த சேவல், ஏலம் கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் விழுந்ததாகக் காட்டியது. "இன்னா சார், சேவல கூறு போட்டா தரப் போறீங்க?" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். மொழியை மாற்றலாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. ஜெபித்து எடுத்த சீட்டாயிற்றே.

ஞாயிறுதோறும் உன் பங்குக் கறியை அத்தை தனியாக எடுத்து வைக்கிறாள். ராத்திரி அதையே சூடுபண்ணி எனக்குப் போடுகிறாள். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பண்டிகை நாளைக்கு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு. நீ வந்தால்தான் ஏலம் நடக்கும். மாமாவுக்காக ஒரு தடவை வா.

உன் வேலையையும் நீ வண்டியில் போகும் வழியையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
மாமா ஞானையா

பி.கு.: இப்போது ஞாயிறு மாலை. காலேஜில் கம்ப்யூட்டரே படிக்கும் சினேகாவை நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு, நீ சொன்ன ஜாவாஸ்கிரிப்டிலேயே முழுதாக எழுதி வைத்திருக்கிறாள். இன்று ஆராதனை முடிந்ததும் எல்லார் போனிலும் ஓடியது. சீட்டில் விழுந்த மொழி பலன் தந்தது என்று ஆயர் மைக்கிலேயே சாட்சி சொல்லிவிட்டார், அது ரஸ்ட் இல்லை என்று நான் திருத்தப் போகவில்லை. ஆகவே மேலே உதவி கேட்டதையெல்லாம் அடித்துவிடு. உன்னை வரச்சொல்ல இப்போது என்னிடம் ஒரு காரணமும் இல்லை. சும்மா வாடா.