சுவரைப் பார்த்த சாட்சிகள்

பழவேற்காடு ஏரியில் நடந்த சர்வதேசப் படகோட்டப் போட்டியில் கோட்டைக்குப்பத்துச் சாம்சன் முதலாவதாக வந்தான். பதக்கம் மட்டும் கழுத்துக்கு வரவில்லை. அவன் ஊக்கமருந்து தின்னவில்லை என்று அவனுடைய சிறுநீர் சாட்சி சொல்ல வேண்டும். சிறுநீர் அவனுடையதுதான் என்று ஒரு மனிதர் சாட்சி சொல்ல வேண்டும்.

உள்ளூர்ப் பிரதிநிதித்துவம் கருதி, அந்த மனிதராக ஞானதாஸ் நியமிக்கப்பட்டார். முப்பது வருடம் கடலுக்குப் போனவர். சாட்சிக்கான நீலச் சட்டை கொடுத்து, "கண்ணிமைக்காமல் பார்க்கவும்" என்று உத்தரவும் கொடுத்தார்கள்.

சோதனை அறையில் சாம்சன் குப்பியோடு நின்றான். ஞானதாஸ் திரும்பிச் சுவரைப் பார்த்தார். படகில் ஒருவன் ஓரமாகப் போய் நின்றால் மற்றவர்கள் வேறு திசை பார்க்க வேண்டும். ஃபைபர் படகில் கதவு ஏது?

"நேரில் கண்டீரா?" என்றது படிவம். "இல்லை" என்று உண்மையை எழுதினார். மாதிரி செல்லாமல் போனது.

"இன்னா மாமா, என் பதக்கத்துக்கே வேட்டு வெக்கிறியே!"

"கயுத்து தானா திரும்பிக்குதுடா. நான் இன்னா பண்ணட்டும்?"

ஆகவே ஞானதாஸைக் கண்காணிக்க தினகரனை நியமித்தார்கள். அவரும் கடலுக்குப் போகிறவர். சாம்சன் மூன்று பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நின்றான். தினகரன் எழுதினார்: "ஞானதாஸ் சுவரைப் பார்த்ததை நேரில் கண்டேன். நானும் அதே சுவரைத்தான் பார்த்தேன்."

தலைமை மேற்பார்வையாளர் ராமன் கொதித்துப்போய் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "யாரும் பார்க்கவில்லை. எனவே இது அறைக்குள் வந்த யாருடையதாகவும் இருக்கலாம். வந்த அனைவரும் மாதிரி தர வேண்டும்!"

"நீங்களும் வந்து எட்டிப் பாத்தீங்களே சார்," என்றார் ஞானதாஸ் பணிவாக.

விதி விதிதான். முதல் குப்பி ராமனுக்கு. சந்தேகப் பட்டியலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சியாக முடியாது. சாம்சன் ஏற்கெனவே இரண்டு முறை கொடுத்துவிட்டதால் பட்டியலில் இல்லை. ஆகவே நீலச் சட்டை சாம்சனுக்குப் போனது. பதக்க ஆசையில் அவன் இமைக்காமல் பார்த்தான்.

கால் மணி நேரமாயிற்று. கதவுக்கு வெளியே தினகரனோடு நின்ற ஞானதாஸ் காதில் ராமனின் குரல் விழுந்தது.

"தம்பி, இப்படி முறைச்சா எப்படிப்பா வரும்? கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

சாம்சன் திரும்பிக்கொண்டான். குப்பி நிறைந்தது. கதவு திறந்து படிவம் வந்தது.

"இன்னான்னு எழுதட்டும் சார்?"

"கண்டேன்னு எழுது. என் குப்பி செல்லும்னா, உன் குப்பியும் செல்லும்."

பேனாவைப் பிடித்தபடி சாம்சன் ஞானதாஸைப் பார்த்தான். ஞானதாஸின் கழுத்து தானாகத் திரும்பியது. தினகரன் ஏற்கெனவே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.