பசுமை இல்லத்து வாயு

அன்பும் அறிவும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு உங்கள் அக்கா நலம். நான் நலமா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளவும். பருவநிலை மாநாட்டுக்காக வெளிநாடு போய்ச் சேர்ந்து, நம் நாட்டுக் கொடிக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றதை டிவியில் பார்த்தோம். கோட்டு உங்களுக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. பேச்சுதான் பொருந்தவில்லை.

"பசுமை இல்ல வாயுவை இருபது சதவீதம் குறைப்போம் என்று உலகத்துக்கு உறுதியளிக்கிறோம்" என்று மைக்கில் சொன்னீர்களே, கேட்டதும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். நம் வீட்டுக்குப் 'பசுமை இல்லம்' என்று பெயர் வைத்து, வாசலில் பலகை மாட்டச் சொன்னது யார்? நீங்கள். போன தடவை வந்து தங்கியபோது பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக, "அத்தான், வாயுத் தொல்லை ஜாஸ்தியா இருக்கே, டாக்டரைப் பாருங்க" என்றது யார்? அதுவும் நீங்கள்தான். வீட்டு விஷயத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளாமல், அத்தனை நாட்டுக்காரர்களும் காதில் கருவி மாட்டிக்கொண்டு அவரவர் பாஷையில் கேட்கிற இடத்திலா போட்டு உடைப்பது? ஸ்டோர்கீப்பராக வேலை பார்த்த காலம் முழுக்க என் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணி கிடங்கை விட்டு வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்டவனை ஒரு வார்த்தை கேட்காமல் என் வாயுவுக்கு நீங்கள் எப்படிக் கையெழுத்துப் போடலாம்?

அதோடு விட்டீர்களா என்றால் அதுவும் இல்லை. வழக்கம்போலவே போனால் பத்து வருஷத்தில் இது இரண்டு மடங்காகிவிடும் என்று ஒரு படம் காட்டினீர்கள், அதில் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறியது. என் வயிற்றைப் பற்றி எனக்கே தெரியாத விவரத்தை உனக்கு யார் கொடுத்தது, உன் அக்காதானே? (மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன், கை கேட்கவில்லை, பொறுத்துக்கொள்.) அப்புறம் வெளிநாட்டு உதவி கிடைத்தால் இன்னும் பத்து சதவீதம் சேர்த்துக் குறைப்போம் என்றாய். எனக்கு வாயு பிரியாமல் இருப்பதற்கு அவர்கள் என்னத்தை அனுப்புவார்கள், சீரகமா, சோடாவா?

ஒரே ஓர் இடத்தில்தான் மனசு குளிர்ந்தது. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் எங்கள் பங்கு உலகச் சராசரியில் பாதிகூடத் தேறாது, பணக்கார நாடுகள் தலைமுறை தலைமுறையாக விட்டு நிரப்பிவிட்டு இப்போது எங்களை அடக்கச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டாய் பார், அங்கேதான் நீ நம் வீட்டுப் பிள்ளை. பெரிய மனுஷன் விட்டால் ஏப்பம், நாம் விட்டால் மாநாடா?

ஆனால் உன் அக்கா காதில் அது மட்டும் விழவில்லை. "உலகமே சொல்லுது, நான் சொன்னா மட்டும் குத்தமா? என் தம்பி நாலு பேர் முன்னாடி வாக்குக் குடுத்திருக்கான், அது பொய்யாப் போகக்கூடாது" என்று மொச்சை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மூன்றையும் அடுப்படியிலிருந்தே ஒழித்துக்கட்டிவிட்டாள். காடு வளர்த்து ஈடுகட்டுவோம் என்று நீ சொன்னதற்காக என் நாற்காலியைச் சுற்றிப் பூந்தொட்டிகள். பேப்பரைப் பிரித்தால் இலை கண்ணைக் குத்துகிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். தன் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. இருபது சதவீதம் குறையட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறாள். எதிலிருந்து இருபது, யார் அளப்பது என்று கேட்டால், "எனக்குத் தெரியும்" என்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் குறட்டை கேட்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரே அறையில் படுத்தவர்கள் நாங்கள். இப்போது பக்கத்தில் கையை நீட்டினால் வெறும் காற்றுதான் இருக்கிறது.

நிபுணர்கள் நேரில் வந்து சரிபார்ப்பார்கள் என்று வேறு சொல்லிவைத்தாய். நேற்று சீருடை போட்ட ஒருவர் வாசலில் வந்து, "சார், கேஸ் செக் பண்ண வந்திருக்கேன்" என்றார். நீ சொன்ன நிபுணர்தான் என்று நினைத்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். "இப்ப ஒண்ணும் இல்லைங்க, காலையிலேர்ந்து வெறும் கஞ்சிதான்" என்றேன். அவர் முழித்தார். "எங்க இருக்குன்னு காட்டுங்க சார், குழாயை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். "மானம் மரியாதையோட வாழ்ற குடும்பம்ப்பா இது" என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவர் அடுப்பு சிலிண்டருக்குக் குழாய் மாற்ற வந்தவராம். உன் அக்காவே வரச் சொல்லியிருக்கிறாள். அதற்கும் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகையால் மாநாடு முடிவதற்குள் மறுபடி மேடை ஏறி அந்த வாக்கை வாபஸ் வாங்கிக்கொள். அது முடியாதென்றால், அத்தான் தேவலை, அளவு குறைந்துவிட்டது என்று அக்காவுக்காவது ஒரு போன் போட்டுச் சொல். நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவள் விதித்த நாளிலிருந்து கஞ்சியும் வெந்த கேரட்டும்தான். ஒரு பருப்பைக்கூடத் திருட்டுத்தனமாக வாயில் போடவில்லை.

அங்கே விருந்தில் கண்டதையும் தின்று நீயும் நாட்டின் கணக்கை ஏற்றிவிடாதே. போன காரியம் ஜெயமாகி, பதவி உயர்ந்து, உடம்பும் வயிறும் ஒத்துழைக்க நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உலகப் புகழ் பெற்றுவிட்ட உன் அத்தான்.

பின்குறிப்பு: தபால்தலை கேட்க மாடியில் குடியிருக்கும் டீச்சரிடம் போனேன். யாருக்குக் கடிதம் என்று கேட்டார், சொன்னேன். பாவம், சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. பசுமை இல்ல வாயு என்பது ஆலையும் வண்டியும் கக்குகிற புகையில் இருப்பதாம், பூமியைப் போர்வை மாதிரி மூடிச் சூடேற்றுமாம், நம் வாசல் பலகைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லையாம். எனவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். தபால்தலையை ஒட்டிவிட்டதால்தான் அனுப்புகிறேன். ஓடிப்போய் உன் அக்காவிடம் சொன்னேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். கோபத்தில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவளே கிட்டே வந்து, "அங்க வாக்குக் குடுத்த நாடுகள்ல எத்தனை அதைக் காப்பாத்தப் போகுதோ. குடுக்காத வாக்கைக் காப்பாத்தினவர் நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லி, கட்டிலைத் திரும்ப அறைக்குள் தள்ளிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கடைக்குப் போய்ப் பச்சை மொச்சை வாங்கிவந்து, நானே வேகவைத்து இரண்டு தட்டு சாப்பிட்டேன். கட்டில் இப்போது மறுபடியும் கூடத்தில் கிடக்கிறது. "இப்ப நீங்களும் ஒரு நாடாயிட்டீங்க" என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.