மூன்று குலுக்கில் ஒரு காளை

கை குலுக்கியே ஒரு நொண்டிக் காளையை வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாயைத் திறந்து விலை பேசவில்லை. மாடு வாங்குகிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

அப்போது பாலக்காட்டுக் கல்லூரியில் வணிகப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். மாணவர் வர்த்தகச் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. (வேறு யாரும் போட்டியிடவில்லை. அதை அப்பாவிடம் சொல்லவில்லை.) ஒரு கூட்டத்துக்கு வெள்ளைக்கார மானேஜர் ஒருவர் வந்தார். அவரை வரவேற்க எங்கள் பேராசிரியர் எனக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார். கையை முழுசாகப் பிடி, கண்ணைப் பார், மூன்று தடவை குலுக்கு, சிரி. "சங்கத்தில் பழகு, விடுமுறையில் ஒரு வியாபாரியிடம் வேலை கற்றுக்கொள், உத்தியோகம் வீடு தேடி வரும்" என்பார் அவர்.

அதை நம்பிக் கோடை விடுமுறையில் கொழிஞ்சாம்பாறை மாங்காய் மண்டி ஒன்றில் சம்பளமில்லாமல் போய்ச் சேர்ந்தேன். மண்டி முதலாளி ஒரு கவுண்டர். ஒழுங்காக இருந்தால் படிப்பு முடிந்ததும் குமாஸ்தாவாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தே விட்டதாக அப்பா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். இனி வேலை இல்லாமல் வீட்டுக்குத் திரும்பினால் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

மண்டி வண்டிக்கு ஒரு காளை தேவைப்பட்டது. முதலாளி என்னையும் சந்தைக்கு அழைத்துப் போனார். ஒரு செவலைக் காளையருகே நின்றபோது யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

"சாமி, இங்கயே நில்லுங்க. தரகன் வந்தா நம்ம மண்டி ஆளுன்னு மட்டும் சொல்லுங்க. நான் இதா வந்தர்றேன்" என்று போய்விட்டார்.

தரகர் வந்தார். நான் மண்டி ஆள் என்றேன். அவர் தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டு கையை என்னிடம் நீட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தப் புழுதியிலும் இப்படியொரு நாகரிகமா? (துண்டு எதற்கு என்று யோசித்தேன். வெயிலில் கை கறுக்காமலிருக்க என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.) துண்டுக்குள் கையைவிட்டு முழுசாகப் பிடித்தேன். கண்ணைப் பார்த்தேன். மூன்று தடவை குலுக்கினேன். சிரித்தேன்.

அவர் கண் விரிந்தது. "சரீங்க சாமி, முடிஞ்சுதுங்க" என்று மாட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் போலும் என்று பிடித்துக்கொண்டேன்.

முதலாளி வந்துதான் விளக்கினார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். ஒரு விரல் பத்து ரூபாய். முழுக் கை ஐம்பது. நான் பிடித்தது முழுக் கை, அதையும் மூன்று தடவை. நூற்றைம்பது ரூபாய். அறுபதுகூடப் பெறாத அந்தக் காளை இரண்டடி நடந்ததும் பின்னங்கால் நொண்டியது.

"தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிடலாமே" என்றேன்.

"கை குடுத்துப்போட்டு இல்லீன்னா, நாளைக்கு எவன் என்னை நம்பி மாங்கா போடுவான்?" என்றவர் பணத்தை எடுத்துக் கொடுத்தார். முன்னால் நடந்தார். நானும் காளையும் பின்னால் நடந்தோம். என் வேலை போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மண்டி வாசலில் அவர் திரும்பி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேரையும் வெளிய எவனும் வெலைக்கு வாங்க மாட்டானுங்க. ரெண்டும் இங்கயே கெடங்க" என்றார்.

இதுதான் என் உத்தியோக உத்தரவு. பேராசிரியர் சொன்னது பலித்துவிட்டது.

அடுத்த வருஷம் என் கல்யாணம். முதலாளியும் வந்திருந்தார். பெண்ணின் கையைப் பிடிக்கச் சொன்னார் மந்திரம் சொன்ன வாத்தியார். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன்.

"சாமி, பாத்துப் புடிங்க. குலுக்கிப் போடாதீங்க" என்று கூட்டத்திலிருந்து முதலாளியின் குரல்.

சிரிப்பை அடக்கியதில் என் கை ஒரு தடவை ஆடிவிட்டது. காரணம் தெரிந்த நாளிலிருந்து என் மனைவி அதை விடவில்லை. இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் காபியைக் கொடுத்துவிட்டு ஆரம்பித்துவிடுகிறாள்:

"நொண்டி மாட்டுக்கு மூணு குலுக்கு குலுக்கினார். நேக்கு ஒண்ணே ஒண்ணு. நான் அம்பது ரூபாய்க்கு வந்தவளாக்கும்."